பல முறைவழியாக்கிகளும் ஒரு பணிசெயல் முறைமையும்: வாசகர் கேள்வி – பதில்

திறந்த மூலப் பணிசெயல் முறைமைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. நிரல்களின் கட்டளைகளை நிறைவேற்றும் முறைவழியாக்கிகள் (processors) ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தால் ஒரு பணிசெயல் முறைமை அவற்றை எவ்வாறு கையாள்கிறது என்பதையே பலரும் கேட்டிருப்பதால், இவ்விதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியுள்ளேன். ஒரே சில்லினுள் இருக்கும் ஒவ்வொரு கோரையும் (core, தனித்து இயங்கும் கணிப்பு அலகு) பணிசெயல் முறைமை தனியொரு முறைவழியாக்கியாகவே காண்கிறது; ஆகவே கீழே இரண்டு சொற்களும் ஒரே பொருளில் வரும்.

கேள்வி: வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் அனுப்பிய இன்ரெல் கோர் 2 டுவோ கணினிகள் எமது பாடசாலையில் உள்ளன. ஆசிரியர் அவற்றில் லினக்ஸ் நிறுவியுள்ளார். பத்து இலட்சம் வரையுள்ள முதன்மை எண்களைக் கண்டுபிடிக்கும் நிரலொன்றைப் பைதனில் எழுதி இயக்கினேன். ஒரு கோர் நூறு வீதம் உழைத்தது, மற்றையது ஏறத்தாழச் சும்மா இருந்தது. லினக்ஸ் ஏன் இரண்டையும் பயன்படுத்தவில்லை?
— உயர்தர மாணவி, மல்லாவி

பதில்: லினக்ஸ் இரண்டு கோர்களையும் அறிந்துதான் இருக்கிறது, இரண்டாவது கோருக்குக் கொடுக்க உங்கள் நிரலிடம் வேலை இருக்கவில்லை. நிரலொன்றின் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறிச் செல்லும் போக்கை இழை என்கிறோம். எந்த இழையை எந்தக் கோரில் எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்று தீர்மானிப்பது பணிசெயல் முறைமையின் பொறுப்பு. ஆனால் ஓர் இழையை நடுவில் பிரித்து, பாதியை ஒரு கோரிலும் மீதியை இன்னொன்றிலும் ஓடவிட அதனால் முடியாது. எந்தக் கணிப்பு எந்தக் கணிப்பின் விடைக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது நிரலை எழுதியவருக்கே தெரியும்.

உங்கள் நிரலை இரண்டு முனையச் சாளரங்களில் ஒரே வேளையில் இயக்கிப் பாருங்கள். ஒன்றுக்கு 1 முதல் 5 இலட்சம் வரையும், மற்றையதற்கு 5 இலட்சம் முதல் 10 இலட்சம் வரையும் கொடுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாமலே லினக்ஸ் அவற்றை ஆளுக்கொரு கோரில் வைக்கும். இரண்டாவது நிரல் பிந்தியே முடியும். பெரிய எண்களைச் சோதிக்கக் கூடிய நேரம் எடுக்கும் என்பதே காரணம். வேலையைச் சமமாகப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தச் சிறு வேறுபாடே உங்களுக்குக் காட்டிவிடும்.

பைதனில் இழைகளை உருவாக்கினாலும் இத்தகைய கணக்குகளுக்கு வேகம் கூடாது. வழமையான பைதன் மொழிமாற்றியினுள் ஒரு முழுதளாவிய பூட்டு இருக்கிறது; ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே பைதன் கட்டளைகளை நிறைவேற்ற அது அனுமதிக்கும். 2024 ஒக்ரோபரில் வெளிவந்த பைதன் 3.13 இல் அந்தப் பூட்டில்லாத வடிவம் ஒன்று பரிசோதனை நிலையில் வழங்கப்பட்டது. அதற்காக நீங்கள் பொறுத்திருக்கத் தேவையில்லை: இழைகளுக்குப் பதிலாகத் தனித்தனிச் செயன்முறைகளை (தமக்கென நினைவகத்தோடு ஓடும் நிரல்களை) உருவாக்கும் 'மல்ற்றிபுரோசசிங்' என்ற தொகுதி உங்கள் பாடசாலைக் கணினியிலுள்ள பைதனிலேயே இருக்கிறது.

கேள்வி: லினக்ஸ் 1996 இலேயே பல முறைவழியாக்கிகளை ஆதரித்தது என்றும், ஆனால் 'பெருங் கேர்னல் பூட்டு' 2011 வரை அதனுள் இருந்தது என்றும் வாசித்தேன். ஒரு பூட்டை அகற்ற 15 ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன?
— பொறியியல் பீட மாணவர், அறிவியல் நகர், கிளிநொச்சி

பதில்: இக்கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பல முறைவழியாக்கி ஆதரவு என்பதன் உட்பொருள் முழுவதும் இந்த 15 ஆண்டுகளுக்குள் அடங்கியிருக்கிறது.

பூட்டு எதற்கு என்பதிலிருந்து தொடங்குவோம். பணிசெயல் முறைமையின் கருப்பகுதியான கேர்னல், நினைவகத்திலுள்ள வெற்றுப் பக்கங்களை (நினைவகம் பிரிக்கப்படும் சம அளவுத் துண்டுகளை) ஒரு பட்டியலாகக் கோத்து வைத்திருக்கிறது என்று கொள்ளுங்கள். ஒரு செயன்முறை நினைவகம் கேட்டால், கேர்னல் பட்டியலின் தலையிலுள்ள பக்கத்தைப் பார்த்து, அதை எடுத்துவிட்டு, அடுத்ததைத் தலையாக்க வேண்டும். இப்போது இரண்டு முறைவழியாக்கிகள் ஒரே கணத்தில் தலையைப் பார்க்கின்றன. இரண்டும் ஒரே பக்கத்தைக் காண்கின்றன, இரண்டும் அதையே எடுத்துக்கொள்கின்றன. ஒன்றையொன்று அறியாத இரு செயன்முறைகளுக்கு ஒரே பக்கம் சொந்தமாகிவிடுகிறது. ஒன்று எழுதியதன்மேல் மற்றையது எழுதுகிறது. இந்தப் பிழை பல்லாயிரம் தடவை தலைகாட்டாமல் இருந்துவிட்டு ஒரு தடவை வெளிப்படும், மீண்டும் தேடினால் அகப்படாது.

ஒற்றை முறைவழியாக்கிக் கணினியில் இதற்கு இலகுவான தீர்வு இருந்தது. பட்டியலைத் தொடும் அந்தச் சில கட்டளைகளின்போது இடையீடுகளை (நடக்கும் வேலையை நிறுத்தி வேறொன்றைக் கவனிக்கச் சொல்லும் வன்பொருள் சமிக்ஞைகளை) தடுத்துவிட்டால் வேறெதுவும் குறுக்கே வராது. இரண்டு முறைவழியாக்கிகள் இருக்கும்போது இந்த உத்தி பயனற்றுப்போகிறது, ஏனெனில் ஒரு முறைவழியாக்கி தன்னுடைய இடையீடுகளையே தடுக்கிறது. அடுத்தது தன்போக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே இருவருக்கும் பொதுவான பூட்டு வேண்டும், அந்தப் பூட்டைப் பார்ப்பதும் பூட்டுவதும் பிரிக்கமுடியாத ஒரே செயலாக வன்பொருளில் நடக்க வேண்டும்.

1996 யூன் மாதம் வெளிவந்த லினக்ஸ் 2.0 இல் பல முறைவழியாக்கி ஆதரவு முதன்முதலாக நிலையான பதிப்பொன்றில் இடம்பெற்றது. அலன் கொக்ஸ் முன்னின்று செய்த அந்த வேலையின் அணுகுமுறை எளியது: கேர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு. பயனர் நிரல்கள் இரண்டு முறைவழியாக்கிகளிலும் ஒருங்கே ஓடலாம், ஆனால் கேர்னலுக்குள் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே நுழையலாம். அறுவடைக் காலத்தில் பத்து உழவு இயந்திரங்கள் நெல் மூட்டைகளோடு ஆலை வாசலில் நின்றாலும், உள்ளே ஒரே தராசு இருந்தால் நிறுவை எவ்வளவு வேகத்தில் நடக்குமோ அவ்வளவு வேகத்தில்தான் வரிசை நகரும். கணிப்பு வேலை மட்டும் செய்யும் நிரல்களுக்கு இது பெரிய தடையல்ல. கோப்பு, வலையமைப்பு என்று அடிக்கடி கேர்னலை நாடும் சேவையகங்களுக்கோ இரண்டாவது முறைவழியாக்கியின் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே கழிந்தது.

அந்தத் தொடக்கம் தவறானது என்று நான் கருதவில்லை. ஒற்றை முறைவழியாக்கிக்கென எழுதப்பட்ட பெருந்தொகையான நிரல்வரிகளைப் பிழையின்றி ஓடவைக்க அதைவிடப் பாதுகாப்பான வழி அன்று இல்லை. சிக்கல் பின்னர் வந்தது. 1999 சனவரியில் வந்த 2.2, 2001 சனவரியில் வந்த 2.4, 2003 டிசெம்பரில் வந்த 2.6 என்று பதிப்புக்குப் பதிப்பு முக்கியமான பகுதிகள் தமக்கென நுண்ணிய பூட்டுகளைப் பெற்றன. பெரிய பூட்டு மூலைகளுக்குத் தள்ளப்பட்டது. ஆனால் மூலைகளில் அது உறுதியாக ஒட்டிக்கொண்டது. அதற்கு அதன் இயல்புகளே காரணம். அதை வைத்திருக்கும் செயன்முறை உறங்கப்போனால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும், விழித்ததும் மீண்டும் பூட்டிக்கொள்ளும். ஏற்கெனவே வைத்திருப்பவரே அதை மறுபடியும் எடுக்கலாம். சாதாரணப் பூட்டில் இவ்விரண்டும் நடக்காது. ஆகவே ஒன்றை எடுத்துவிட்டு மற்றையதை அப்படியே வைக்க முடியவில்லை. எல்லாவற்றிலும் கடினமானது, அந்தப் பூட்டு எந்தத் தரவைக் காக்கிறது என்பது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதுதான். பழைய சாதனச் செலுத்தி (ஒரு வன்பொருளை இயக்கும் கேர்னல் பகுதி) ஒன்றில் அது எடுக்கப்பட்டிருந்தால், ஏன் எடுக்கப்பட்டது என்று எவராவது அந்த நிரல்வரிகளை முழுவதுமாக வாசித்துத்தான் அறிய வேண்டும். இங்கோ மொலினார் போன்றோர் இதற்கெனத் தனி முயற்சி எடுத்தனர். ஆர்ண்ட் பேர்க்மன் இறுதிக்கட்ட வேலையை ஒருங்கிணைத்தார். 2011 மே மாதம் வந்த 2.6.39 இல் பெருங் கேர்னல் பூட்டு முற்றாக நீங்கியது.

பூட்டுகளை நுண்ணியதாக்குவதோடு விடயம் முடியவில்லை. ஒவ்வொரு கோருக்கும், அடிக்கடி வேண்டிய தரவின் பிரதிகளை அருகிலேயே வைத்திருக்கும் சொந்தப் பதுக்கு நினைவகம் உண்டு. இன்றைய இன்ரெல், ஏஎம்டி சில்லுகளில் அது 64 பைற்றுகள் கொண்ட வரிகளாகக் கையாளப்படுகிறது. ஒரு கோர் ஒரு வரியில் எழுதினால் மற்றைய கோர்களிடமுள்ள அதே வரியின் பிரதிகள் செல்லாதவையாகிவிடும். பூட்டு என்பதும் நினைவகத்தில் ஓர் இடமே என்பதால், அறுபது கோர்கள் ஒரே பூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த ஒரு வரி கோர்களுக்கிடையே ஓயாமல் அலையும். வேலை நடப்பதைவிட அலைச்சலுக்கே நேரம் போகும். எனவே இன்றைய லினக்ஸ் பல இடங்களில் பூட்டையே தவிர்க்கிறது. புள்ளிவிபர எண்ணிகளைக் கோருக்கு ஒன்றாகப் பிரித்துவைத்து, கேட்கும்போது மட்டும் கூட்டிச்சொல்கிறது. அடிக்கடி வாசிக்கப்பட்டு அரிதாக மாற்றப்படும் தரவுகளுக்கு, 2002 இல் போல் மக்கெனி முதலானோரின் முயற்சியால் லினக்ஸில் சேர்ந்த ஆர்சியு என்ற முறை பயன்படுகிறது: வாசிப்பவர் பூட்டே எடுப்பதில்லை, மாற்றுபவர் ஒரு பிரதியைத் திருத்தி, தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டியை ஒரே கணத்தில் புதிய பிரதிக்குத் திருப்பிவிட்டு, பழையதை வாசித்துக்கொண்டிருந்த அனைவரும் விலகும்வரை பொறுத்து, அதன் பின்னரே பழையதை விடுவிக்கிறார்.

இந்த 15 ஆண்டுகளிலும் ஒவ்வொரு பதிப்பும் உலகெங்கும் சேவையகங்களில் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடும் முறைமையை நிறுத்தாமல் அதன் அடித்தளத்தை மாற்றிய அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். அதன் ஒவ்வொரு படியும், விவாதங்கள் உட்பட, எவரும் வாசிக்கக்கூடியதாகத் திறந்தே கிடக்கிறது.

கேள்வி: என்னிடம் ஒற்றைக் கோர் பென்ரியம் 4 கணினி ஒன்று இன்னும் இயங்குகிறது. பல முறைவழியாக்கிகளுக்கான இவ்வளவு வேலைப்பாடும் அதற்கு வீண் சுமையாகாதா?
— ஓய்வுபெற்ற தபாலதிபர், நெடுங்கேணி

பதில்: சுமை சிறிதளவே. கணினி தொடங்கும்போது ஒரே முறைவழியாக்கிதான் இருக்கிறது என்று லினக்ஸ் கண்டால், பூட்டுதலுக்கான விலைகூடிய கட்டளை முன்னொட்டுகளைத் தன் நினைவகப் பிரதியிலேயே விளைவற்ற முன்னொட்டுகளாக மாற்றிவிடுகிறது. உங்கள் கணினியின் மெதுவுக்கு நினைவகப் பற்றாக்குறையும் இன்றைய உலாவிகளின் பாரமுமே முதற்காரணங்களாக இருக்கும்.

இருப்பினும் உங்கள் ஐயத்தில் நியாயம் இருக்கிறது. லினக்ஸ் 1991 இல் இன்ரெலின் 386 சில்லுள்ள கணினியில்தான் பிறந்தது. ஒப்பிட்டு மாற்றும் பிரிக்கமுடியாத கட்டளை 386 இல் கிடையாது, 486 இல்தான் வந்தது. முறைவழியாக்கிகளுக்கிடையேயான ஒத்திசைவு நிரல்களைத் திருத்தும்போதெல்லாம் 386 க்காகத் தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தபடியால், 2013 பெப்ரவரியில் வந்த 3.8 பதிப்போடு அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. உங்கள் பென்ரியம் 4 க்கு அந்தக் கதி நேரவில்லை.

கேள்வி: பிரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, டிராகன்ஃபிளை என்று ஒரே குடும்பத்தில் இத்தனை முறைமைகள் ஏன்? பல முறைவழியாக்கி ஆதரவில் எது சிறந்தது?
— மென்பொருள் துறை ஊழியர், வவுனியா

பதில்: யுனிக்ஸ் வழிவந்த இந்தப் பிஎஸ்டி முறைமைகள் பிரிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு, ஆனால் டிராகன்ஃபிளை பிரிந்ததற்கு நேரடிக் காரணம் பல முறைவழியாக்கி ஆதரவே. 1998 ஒக்ரோபரில் வந்த பிரீபிஎஸ்டி 3.0, லினக்ஸைப் போலவே முழுக் கேர்னலுக்கும் ஒரே பூட்டோடு தொடங்கியது. 'ஜயன்ற்' என்று அதற்குப் பெயர். அதை உடைக்கும் திட்டம் 2000 இல் ஆரம்பமாகி, 2003 சனவரியில் 5.0 ஆக முதல் வடிவம் பெற்றது. அந்த மாற்றத்தின்போது முறைமை சில காலம் தளர்ந்தது உண்மை. நுண்ணிய பூட்டுகளைப் பெருக்கிக்கொண்டே போவது நிரலை எவருக்கும் விளங்காததாக ஆக்கிவிடும் என்று வாதிட்ட மத்தியூ டில்லன், 2003 இல் பழைய 4 ஆவது வரிசையிலிருந்து பிரிந்து டிராகன்ஃபிளை பிஎஸ்டியைத் தொடங்கினார். ஒவ்வொரு முறைவழியாக்கிக்கும் எந்த இழையை எப்போது ஓடவிடுவது என்று தீர்மானிக்கும் அட்டவணைப்படுத்தி ஒன்று தனக்கென இருக்க வேண்டும், அவை தமக்குள் செய்தி அனுப்பி வேலைகொள்ள வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பிரீபிஎஸ்டியோ தன் வழியிலேயே தொடர்ந்து, 2008 பெப்ரவரியில் வந்த 7.0 இல் அந்த உழைப்பின் பயனைக் கண்டது.

ஓபன்பிஎஸ்டி 2004 நவம்பரில் 3.6 பதிப்போடுதான் இத்துறையில் நுழைந்தது. பாதுகாப்பே அதற்கு முதன்மை. ஒரே கோரை இரண்டாகக் காட்டும் இன்ரெலின் ஹைப்பர்திரெடிங் வசதி, ஒரு நிரலின் இரகசியம் இன்னொன்றுக்குக் கசிய வழிவிடலாம் என்ற காரணத்தால் 2018 யூனில் அதை இயல்பாகவே முடக்கிவைத்தது. வேகத்தை இழந்து பாதுகாப்பைப் பெறும் இந்தத் தெரிவை நான் வரவேற்கிறேன், ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தாது. பல கோர்களில் உச்ச வேகம் வேண்டுமெனில் லினக்ஸ் அல்லது பிரீபிஎஸ்டி. வலையமைப்பின் எல்லைச் சுவராக (firewall) நிற்கும் கணினிக்கு ஓபன்பிஎஸ்டி. கேர்னல் வடிவமைப்பைப் படிக்க விரும்பினால் டிராகன்ஃபிளையை அவசியம் பாருங்கள்.

கேள்வி: திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். லினக்ஸில் வேலை செய்கிறேன். 8 கோர் கணினியை 16 கோராக மாற்றினால் வேலை பாதி நேரத்தில் முடியுமா?
— கடை உரிமையாளர், புதுக்குடியிருப்பு

பதில்: முடியாது. ஏன் என்பதை 1967 இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் விளக்கிவிட்டார். ஒரே கோரில் 60 நிமிடங்கள் எடுக்கும் வேலையொன்றில் 15 நிமிட வேலை பிரிக்கமுடியாதது என்று எடுத்துக்கொள்வோம். கோப்பை வாசிப்பது, ஒன்றுசேர்த்து எழுதுவது போன்றவை. மீதி 45 நிமிடங்களை எத்தனை கோர்களுக்கும் பங்கிடலாம். 8 கோர்களில் முழு வேலைக்கும் ஏறத்தாழ 20½ நிமிடங்கள். 16 கோர்களில் ஏறத்தாழ 18 நிமிடங்கள். ஆயிரம் கோர்கள் வாங்கினாலும் 15 நிமிடங்களுக்குக் கீழே இறங்காது.

புதிய கணினிக்குச் செலவழிக்குமுன் வீடியோ வெளியேற்றப்படும் நேரத்தில் ஒவ்வொரு கோரும் எத்தனை வீதம் உழைக்கிறது என்று காட்டும் 'எச்ரொப்' (htop) நிரலைத் திறந்து பாருங்கள். எட்டுக் கோர்களும் தொடர்ந்து நூறை ஒட்டி நின்றால் மட்டுமே கூடுதல் கோர்கள் உதவும். அவை பாதியில் தளர்ந்து நின்றால் தடை வேறிடத்தில், பெரும்பாலும் வன்தட்டில். அப்படியாயின் ஓர் எஸ்எஸ்டி (SSD, சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகம்) மிகக் குறைந்த செலவில் உங்கள் காரியத்தை முடித்துவைக்கும்.

கேள்வி: என் கைபேசியில் எட்டுக் கோர்கள் என்று எழுதியிருக்கிறது. பாதி கோர்கள் வேகம் குறைந்தவையாமே?
— ஆசிரியர், முருங்கன்

பதில்: ஆம், மின்கலத்தைச் சேமிப்பதற்கான ஏற்பாடு அது. அண்ட்ரொயிட்டின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கேர்னலே. எந்த வேலையை எந்தக் கோரில் வைத்தால் குறைந்த மின்சக்தியில் முடியும் என்று கணித்து இடம் ஒதுக்கும் முறை 2019 இல் வந்த 5.0 பதிப்பில் மூல லினக்ஸில் சேர்ந்தது. செய்தி வாசிக்கும்போது சிறிய கோர்கள் உழைக்கும். விளையாட்டு, வீடியோ அழைப்பு என்று பாரம் ஏறும்போது பெரியவை விழிக்கும்.

கேள்வி: கேர்னலில் பல முறைவழியாக்கிகள் சார்ந்த பகுதியைக் கற்க விரும்புகிறேன். என்னிடம் இரண்டு கோர் மடிக்கணினி மட்டுமே உண்டு, இணைய டேற்றாவும் அளவோடுதான். எங்கே தொடங்குவது?
— கணினி விஞ்ஞான மாணவி, வவுனியாப் பல்கலைக்கழகம், பம்பைமடு

பதில்: லினக்ஸில் தொடங்க வேண்டாம். அதன் மூலநிரலைச் சுருக்கிய வடிவில் தரவிறக்கவே நூறு மெகாபைற்றுக்கு மேல் செலவாகும். வாசிக்கத் தொடங்கினால் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. எம்ஐடி பல்கலைக்கழகம் கற்பித்தலுக்கென உருவாக்கிய எக்ஸ்வி6 என்ற சிறு பணிசெயல் முறைமையை எடுங்கள். யுனிக்ஸின் ஆறாம் பதிப்பைத் தழுவியது, ஆனால் தொடக்கத்திலிருந்தே பல முறைவழியாக்கிகளில் ஓடும்படி எழுதப்பட்டது. சில ஆயிரம் வரிகளே என்பதால் ஒரு விடுமுறைக்குள் முழுவதையும் வாசித்துவிடலாம். கியூஎமு என்ற போலிப் பொறியில் அது இயங்குவதால், உங்கள் மடிக்கணினியில் இரண்டு கோர்கள்தான் இருந்தாலும் அதற்கு மூன்று முறைவழியாக்கிகளைக் காட்டலாம்; அதன் இயல்பான அமைப்பே மூன்றுதான்.

முதலில் சுழல்பூட்டுக் கோப்பை வாசியுங்கள் (பூட்டுக் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே காத்திருப்பது சுழல்பூட்டு). மிகச் சிறியது. பூட்டை எடுக்குமுன் அது இடையீடுகளைத் தடுப்பதைக் கவனியுங்கள். அப்படித் தடுக்காவிட்டால், பூட்டை வைத்திருக்கும் முறைவழியாக்கியின் மேல் ஓர் இடையீடு வந்து, அந்த இடையீட்டு நிரலும் அதே பூட்டைக் கேட்டு, தனக்குத்தானே காத்துக்கொண்டு என்றென்றைக்கும் சுழலும். அந்த வரியை நீக்கிவிட்டு என்ன நடக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

அதன்பின் நினைவகப் பக்கங்களை ஒதுக்கும் கோப்புக்குச் செல்லுங்கள். அறிவியல் நகர் மாணவருக்கு மேலே விளக்கிய வெற்றுப் பக்கப் பட்டியல் அங்கே அப்படியே இருக்கிறது: ஒரு பட்டியல், ஒரு பூட்டு. அந்தப் பட்டியலை முறைவழியாக்கிக்கு ஒன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டுக் கொடுப்பது எம்ஐடி மாணவர்களுக்குக் கொடுக்கப்படும் பயிற்சிகளில் ஒன்று. பிரிப்பது இலகு. ஒரு முறைவழியாக்கியின் பட்டியல் காலியாகும்போது அடுத்ததன் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல் எழும். தன் பூட்டைப் பிடித்துக்கொண்டே அடுத்ததன் பூட்டைக் கேட்டால், அதே கணத்தில் அடுத்ததும் அவ்வாறே செய்தால், இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்து உறைந்துவிடும். தன் பூட்டை விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பது ஒரு வழி, எல்லாரும் ஒரே ஒழுங்கில் பூட்டுகளை எடுப்பது இன்னொரு வழி. இரண்டையும் எழுதிப் பாருங்கள்.

இதைச் செய்து முடித்த பின்னர் லினக்ஸுக்கு வாருங்கள். பூட்டுகள் ஒழுங்கு மாறி எடுக்கப்படுவதைக் கண்டுபிடிக்கும் லொக்டெப் என்ற கருவி 2006 முதலும், பூட்டின்றித் தரவு தொடப்படுவதைக் கண்டுபிடிக்கும் கேசிசான் என்ற கருவி 2020 முதலும் அதனுள்ளேயே இருக்கின்றன. நீங்கள் எக்ஸ்வி6 இல் பட்டறிந்த பிழைகளை அவை எவ்வாறு பிடிக்கின்றன என்று அப்போது உங்களுக்கு வாசித்தவுடன் விளங்கும். உங்கள் திருத்தத்தைச் சரியென்று நம்புமுன் மூன்று முறைவழியாக்கிகளோடு நின்றுவிடாமல் எட்டோடும் இயக்குங்கள். எக்ஸ்வி6 ஏற்கும் உச்ச எண்ணிக்கை அதுவே.